மின்சாரம் அவன் பெயரில்

செவ்வாயும் வியாழனும் மட்டும்
ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்
எங்கள் ஊரில் அரசாங்கம் உண்டு.
மற்ற நேரங்களில்
பூட்டிய கதவும்
வேட்டைக்காரர் சங்கத்து விருந்து அறிவிப்பும்.

இன்று செவ்வாய்.
கூடையில் ரொட்டிக்கு இடம் விட்டு
பச்சைக் கோப்பை வைத்துக்கொண்டேன்.
கோப்புக்குள் நான் இருக்கிறேன்,
துண்டு துண்டாக.

எழுபத்து நாலு வருடம் முன்பு பிறந்தவள்தான்;
ஆனால் பிறப்புச் சான்றிதழுக்கு
மூன்று மாதத்துக்கு மேல் வயதாகக் கூடாதாம்.
ஸ்வான்சிக்கு எழுதிப் போட்டுப்
புதிதாக ஒருமுறை பிறந்தேன்.
லிமோஜில், சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளருக்குப்
பக்கத்துக்கு நாற்பது யூரோ கொடுத்து
பிரெஞ்சிலும் பிறந்தேன்.

அதில் என் பெயர் கிளெனிஸ் ப்ராதரோ.
ஐம்பத்தோரு வருடம் ஹாலிவெல்லாக இருந்ததை
இந்த நாடு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.
பிறந்த பெயர்தான் பெயர்;
கல்யாணப் பெயர் மேல்கோட்டு மாதிரி,
வாசலில் கழற்றி மாட்டிவிட வேண்டியதுதான்.
மருத்துவமனை வராந்தாவில்
மதாம் ப்ராதரோ என்று கூப்பிட்டபோது
என் அம்மாவைத் தேடித்
திரும்பிப் பார்த்தேன்.

பென்ஷன் அலுவலகத்துக்கு வேறு சந்தேகம்:
இன்னும் உயிரோடிருக்கிறேனா?
என் வாய்ச்சொல் செல்லாது,
பொறுப்பான ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.
டெஸ்மண்டுக்கும் அதே படிவம் வந்திருந்தது.
அதன் முதுகில்தான் இன்றைய கடைப் பட்டியல்:
வெண்ணெய், நாற்பது வாட் பல்பு,
பூனைக்குப் புழு மருந்து.

மதாம் வெர்தியே கண்ணாடியைத் தூக்கி
என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.
கையெழுத்திட்டாள். முத்திரை குத்தினாள்;
மேசை அதிர்ந்தது.
இத்தனை உறுதியோடு
யாரும் என்னை உயிரோடிருப்பதாகச் சொன்னதில்லை.

அடுத்தது குடியிருப்பு அட்டை.
முகவரிக்குச் சான்று?
மின்சார பில்லை நீட்டினேன்.
"இது மிஸ்யூ ஹாலிவெல் பெயரில் இருக்கிறதே."
"அவர் மார்ச்சில்..." என்றேன்.
இறந்தகாலம் எனக்கு பிரெஞ்சில் எப்போதும் தகராறு.
எந்தத் துணைவினை சேர வேண்டும் என்று
அங்கேயே குழம்பி நின்றேன்.

"பரவாயில்லை, வீட்டுக்காரர் ஒரு கடிதம் தரலாம்,
உங்களைத் தன் வீட்டில் தங்கவைத்திருப்பதாக—"
தினமும் சொல்லும் வாக்கியம், தானாக வந்துவிட்டது.
பாதியில் தன் காதில் விழுந்து
நிறுத்திக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
தந்திருப்பான்.
எழுத்துப் பிழையோடு, கறுப்பு மையில்:
இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள்.
ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குகிறாள்.
போர்வை முழுவதும் இவள் பக்கம்.

கம்பெனிக்கு ஒரு போன் போதும், தெரியும்.
இறப்புச் சான்றிதழ் அனுப்பினால்
பத்தே நாளில் பெயர் மாறிவிடும்.
நான் இங்கே வசிப்பதை நிரூபிக்க
அவன் இங்கே வசிக்கவில்லை என்று
முதலில் நிரூபிக்க வேண்டும்.
ஏழு மாதமாக அந்த எண்ணை அழுத்தவில்லை.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
தபால்காரி
அவன் பெயரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறாள்.

மதாம் வெர்தியே ஒன்றும் கேட்கவில்லை.
நாற்காலியை அலமாரிப் பக்கம் உருட்டி
தடித்த பதிவேடு ஒன்றை இழுத்தாள்.
"தண்ணீர் ஊருக்குச் சொந்தம்," என்றாள்.
"தண்ணீருக்கு நான்தான் பில் போடுகிறேன்."
அவன் பெயரை அடிக்காமல்
அதற்குக் கீழே
என் இரண்டு பெயரையும் மையால் எழுதினாள்.
இடம் போதாமல் கடைசி எழுத்து
ஓரத்தில் ஏறி நின்றது.

பன்னிரண்டு அடித்தது.
அரசாங்கம் முடிந்தது.

விளக்கு அவன் பெயரில் எரிகிறது.
குழாய் என் பெயரில் சொட்டுகிறது.
மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று
போன வருடமே வாஷர் வாங்கி வைத்தான்.
எந்த டப்பாவில் என்று
எந்தக் கோப்பிலும் இல்லை.